பதினேழாம் அடிக்குறிப்பு

ஜூன் 9

வாலுவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கல்லூரி திறந்துவிட்டது. வழக்கம்போல முதல் நாள் காலையில் ஆசிரியர்கள் பதினோரு பேரும் ஆராதனைக் கூடத்தில் வரிசையாக நின்று அந்தத் தடித்த புத்தகத்தில் கையெழுத்துப் போட்டோம். எனக்கு இது இருபத்திரண்டாவது கையெழுத்து. வேதம் பிழையில்லாதது என்று ஒப்புக்கொள்கிறோம். அதற்கு இந்தக் கல்லூரி சொல்லும் பொருளும் பிழையில்லாதது என்று சேர்த்து ஒப்புக்கொள்கிறோம். இரண்டாவதைத் தாளில் எழுதி வைக்கவில்லை. ஆனால் பேனாவைப் பிடிக்கும்போது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

அம்மா சௌக்கியம் என்று எழுதச் சொன்னாள். நம் இரண்டு பேருடைய கல்யாணத்தையும் ஒருவழியாக ஜெபத்திலிருந்து எடுத்துவிட்டாளாம். நாற்பத்தைந்து தாண்டிய பிள்ளைகளுக்காகக் கர்த்தரைத் தொந்தரவு பண்ணுவது மரியாதை இல்லை என்கிறாள். சாயங்காலமானால் கல்லூரியின் பின்புறத் தோட்டத்துக்குப் போய்க் கடைக்குட்டித் தம்பியின் கல்லறைக் கல்லைத் துடைத்துவிட்டு வருவது மட்டும் நிற்கவில்லை. முன்பு ஐந்து நிமிஷ நடை, இப்போது இருபது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். ரிஸ்பாளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாய், எங்கள் வகுப்பில் அவளை எப்படிச் சொல்லித் தருகிறோம் என்று தெரிய வேண்டும் உனக்கு. மூன்று வருஷம் பஞ்சம். முந்தின ராஜா சவுல் கிபியோனியரைக் கொன்ற பழிதான் காரணம் என்று தாவீது ராஜாவுக்குத் தெரிகிறது. அவர்கள் சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்கிறார்கள், தாவீது கொடுத்துவிடுகிறான். மலைமேல் தூக்கிலிடுகிறார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாள் சவுலுக்குப் பெற்ற பிள்ளைகள். அவள் பாறைமேல் சாக்குத்துணியை விரித்து உட்கார்ந்து, அறுப்புக்காலம் தொடங்கி மழை விழும்வரை பறவையும் மிருகமும் அண்டாமல் பிணங்களைக் காக்கிறாள். என் வகுப்புக் குறிப்பில் இத்தனைக்கும் ஒரே வரி: 'ரத்தப்பழி தீர்ந்தது, தேசம் பிழைத்தது.' கல்லூரி முதல்வர் குறிப்பைப் பார்த்து மூலையில் 'சரி' என்று எழுதிக் கொடுத்தால்தான் வகுப்புக்குப் போக முடியும். வருஷா வருஷம் அந்த வரிக்குச் 'சரி' வாங்குகிறேன்.

நீ கேட்பதால் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். அந்த அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பார். தேவன் பழி இன்னது என்று சொல்கிறார், அத்தோடு சரி. தேவன் ஏழு பேரைக் கேட்கவில்லை. ராஜாதான் கொடுத்தான். தூக்கிலிட்டதும் தேவன் இரங்கினார் என்று எழுதியிருக்கிறதா? இல்லை. பாறையில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிற சேதி ராஜாவின் காதுக்கு எட்டி, அவன் எலும்புகளை எடுத்து அடக்கம் பண்ணிய பிறகுதான் தேவன் தேசத்தின் ஜெபத்தைக் கேட்கிறார். அவர் காத்திருந்தது கொலைக்காக இல்லை, ஓர் அடக்கத்துக்காக.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்கே படித்தேன் என்று உனக்குத் தெரியும். கடைக்குட்டி தானே தேடிக்கொண்ட சாவு என்பதால் சபைக் கல்லறையில் இடமில்லை என்று, அந்தச் சபையின் போதகரான அப்பாவே சொன்னார். தன் பிள்ளைக்கென்று தனி விதி கிடையாது என்றார். அம்மா முன்னறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். விசிறியைக் கீழே வைக்கவே இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அப்பா எழுந்து போனார். அப்போது அவர் இங்கே வாரத்தில் மூன்று நாள் பாடம் எடுத்துக்கொண்டிருந்ததால் தோட்டத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்க முடிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் யாருக்கும் ஜெபம் பண்ண வாய் வந்தது.

வாசித்ததும் கிழித்துப் போடு என்று சொல்லமாட்டேன். நீ பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழிக்காதவள்.

அண்ணன்


நவம்பர் 14

அண்ணாவுக்கு,

இத்துடன் ஓர் இதழ் வருகிறது. இந்தக் கடிதத்தைக் கீழே வை. முதலில் அறுபத்து மூன்றாம் பக்கத்தின் அடியைப் பார்.

பார்த்தாயா? உன் முழுப் பெயர், கல்லூரியின் பெயர், 'கட்டுரையாளருக்கு எழுதிய கடிதம், ஜூன் 9'. பதினேழாம் அடிக்குறிப்பு. மேலே பக்கத்தின் நடுவில் உன் வாக்கியங்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு புள்ளி மாற்றவில்லை.

கேட்காமல் போட்டுவிட்டேன். கேட்டால் 'எனக்கெதுக்கு இதெல்லாம்' என்று நெளிவாய் என்று தெரியும். முதலில் 'ஒரு நண்பர்' என்றுதான் எழுதினேன். இதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெயரில்லாத ஆதாரம் ஆதாரமே இல்லையாம். இங்கே அடுத்தவர் யோசனையைப் பெயர் சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு. உங்கள் இடத்தில் நேர்மாறு. புதிதாக ஒன்றைச் சொன்னாலும் 'முன்னோர் சொன்னபடி' என்று பூசி மெழுகினால்தான் தப்பலாம்.

எங்களுக்கும் ஒரு கையெழுத்துப் புத்தகம் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் சேர்ந்த வருஷம் முதல் கருத்தரங்கில் 'தேவன் இந்த இடத்தில்' என்று ஆரம்பித்தேன். துறைத் தலைவர் ரொம்ப அன்பாகக் கேட்டார், "யாரு?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து 'கதைசொல்லி' என்று எழுதப் பழகிவிட்டேன். உன் வாக்கியத்துக்குக் கீழேயும் 'ஏழு பேரைக் கேட்கும் குரலைக் கதைசொல்லி தேவனுக்குத் தரவில்லை' என்றுதான் விளக்கியிருக்கிறேன். நீ சொன்னதில் பாதி உயிர் போய்விட்டது, தெரிகிறது. உங்கள் வகுப்பில் அவர் பழி வாங்கித் தீர்க்கிறவர், எங்கள் வகுப்பில் அரண்மனை எழுத்தர்கள் உண்டாக்கிய ஒரு பாத்திரம். காத்திருக்கிறவராக அவரை இரண்டு இடத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அம்மாவைப் பற்றி நீ எழுதியதை நான் தொடவில்லை. அதற்கு எந்தக் கட்டுரையிலும் இடம் கிடையாது.

பிப்ரவரியில் என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். இந்தக் கட்டுரையைத்தான் நம்பியிருக்கிறேன். துறைத் தலைவர் அறுபத்து மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு, "உங்க அண்ணன் ஏன் எதுவும் எழுதறதில்ல?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் பெயரை ஒருதரமாவது அச்சில் பார்க்க வேண்டும் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இல்லை. அம்மாவுக்குக் காட்டு. விரலை வைத்துக் காட்டு, எழுத்து பொடி.

வாலு


டிசம்பர் 12

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்குத் தோத்திரம்.

தாங்கள் அண்மையில் வெளியிட்ட கட்டுரையின் பதினேழாம் அடிக்குறிப்பில் என் பெயரையும் இக்கல்லூரியின் பெயரையும் குறிப்பிட்டுள்ளதை ஆட்சிக்குழு என் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே என் கூற்றாகத் தரப்பட்டுள்ள விளக்கம் என்னுடையதல்ல. அத்தகைய கடிதம் எதையும் நான் எழுதவில்லை. இக்கல்லூரியின் விசுவாச அறிக்கைக்கு மாறான எந்தப் போதனையையும் நான் ஏற்றதோ பரப்பியதோ இல்லை.

இதை இதழின் ஆசிரியர் குழுவுக்கும் தங்கள் துறைக்கும் எழுத்து மூலம் தெரிவித்துள்ளேன். இக்கடிதத்தின் நகல் ஆட்சிக்குழுவின் கோப்பில் சேர்க்கப்படுகிறது.

பழைய ஏற்பாட்டுத் துறை ஆசிரியர்


டிசம்பர் 20

அண்ணா,

முப்பது வரிகூட இல்லாத அந்தத் தாளைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். தட்டச்சு, கல்லூரி முத்திரை, அடியில் நகல். பிறந்த நாளிலிருந்து உனக்கு நான் வாலு. முதல்தடவையாக 'சகோதரி' ஆகியிருக்கிறேன். 'தாங்கள்' வேறு.

உன்னை மிரட்டியிருப்பார்கள், அது எனக்குப் புரியாமல் இல்லை. பெயரைப் போட்டது என் தப்பு. ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். உன்னைக் கௌரவப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் கழுத்தைக் கத்திக்கு நீட்டிவிட்டேன். அதற்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் 'அது என் அந்தரங்கக் கடிதம், அச்சிட அனுமதி கொடுக்கவில்லை' என்று எழுதியிருக்கலாமே. 'அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டேன்' என்று எழுதியிருக்கலாம். 'எழுதவே இல்லை' என்று எப்படி உனக்குக் கை வந்தது?

அந்த ஒரு வாக்கியம் இங்கே என்ன ஆகும் தெரியுமா? தேவனை இல்லை என்று சொன்னால் இந்தத் துறையில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அடிக்குறிப்பைப் பொய் என்று சொன்னால் ஆள் காலி. இல்லாத கடிதத்தை உண்டாக்கி மேற்கோள் காட்டினேன் என்று என்மேல் விசாரணை. பிப்ரவரி ஆறாம் தேதி, காலை பதினோரு மணி. வேலையை நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேச வேண்டிய அதே அறை, அதே மூன்று பேர். பாடம் கேட்கிற பிள்ளைகள் வராந்தாவில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். துறைத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு கடுதாசி இருந்தா எடுத்துட்டு வாங்க, முடிஞ்சுது விஷயம்" என்றார். அவர் என் பக்கம்தான் இருக்கிறார்.

கடிதம் என் மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. பச்சை மை, உன் கோணல் கையெழுத்து, மூன்று பக்கம். அதைக் கொண்டுபோய் வைத்தால் நான் தப்பிவிடுவேன். நீ ஆட்சிக்குழுவுக்கு எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகிவிடும். அதைச் செய்ய வைக்காதே. நீயே ஒரு வரி எழுது. 'எழுதினேன்' என்று ஒரே ஒரு சொல் போதும்.

உங்கள் கல்லூரியில் போன் இருப்பது முதல்வர் அறையில். அங்கே கூப்பிட்டு என்னத்தைப் பேச. அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கை


ஜனவரி 4

வாலு,

அப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பரீட்சைத்தாளில் மிஞ்சிய பக்கங்களைக் கிழித்து எழுதுகிறேன். கல்லூரித் தாளை எடுக்கக் கை கூசுகிறது.

அம்மாவுக்கு இருதயம் சரியில்லை. அக்டோபரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். உன் பிப்ரவரி முடியட்டும், அதுவரை சொல்லாதே என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். இப்போது கட்டிலிலிருந்து ஜன்னல்வரைதான் நடக்கிறாள். ஜன்னலில் நின்றால் தோட்டத்தின் மூலை தெரிகிறது. அவளுடைய ஒரே கேள்வி, "என்னை அவன் பக்கத்துலதான வைப்ப?" என்பதுதான். காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். ஆமாம்மா என்று சொல்கிறேன்.

ஆட்சிக்குழுக் கூட்டத்தில் அந்த இதழ் மேசைமேல் இருந்தது. அடிக்குறிப்பைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் பேசினோம். அந்த ஏழு பேரின் சாவு தேசத்தின் பாவத்துக்குப் பரிகாரம் இல்லையென்றால் பரிகாரம் என்பதையே நீ மறுக்கிறாய் என்று ஆகிறதே என்றார்கள். அவர்களுடைய கட்டடத்தில் ஒரு கல்லை உருவினால் எல்லாம் சாயும் என்று நிஜமாகவே பயப்படுகிறார்கள். முதல்வர் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன். "தோட்டத்துல எடம் வேலையில இருக்கற ஆசிரியர் குடும்பத்துக்கு மட்டும்தான். விதியை நான் எழுதல" என்றார்.

அப்பா சொன்ன அதே வார்த்தை மாதிரி இருந்தது. தாள் தயாராக இருந்தது. நீ சொன்ன மற்ற வழிகள் எனக்கும் தோன்றின. 'அந்தரங்கம்' என்று எழுதினாலும் 'மாற்றிக்கொண்டேன்' என்று எழுதினாலும், ஒரு காலத்தில் அப்படி நினைத்துக்கொண்டே புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன் என்றாகிறது. 'எழுதவில்லை' என்பது மட்டும்தான் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னை என்ன செய்யும் என்று அப்போது யோசிக்கவில்லை என்று எழுதலாம். யோசித்தேன். யோசித்துத்தான் போட்டேன்.

கடிதத்தைக் காட்டாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. காட்டு. உன் இடத்தில் யார் இருந்தாலும் காட்டுவார்கள். காட்டினால் என் வேலை போகும், நாங்கள் இந்தக் கல்லூரி வீட்டைக் காலி பண்ண வேண்டும். அம்மாவுக்கு டாக்டர் கொடுத்திருக்கிற கெடு கோடை தொடங்கும்வரை. நீ முடிவெடு. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. இதழை அவளிடம் காட்டவே இல்லை.

அண்ணன்


பிப்ரவரி 5

அண்ணாவுக்கு,

இந்த உறைக்குள் உன் ஜூன் மாதக் கடிதம் இருக்கிறது. மூன்று பக்கமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள். நகல் எடுக்கவில்லை.

நாளைக்குக் காலையில் விசாரணை. கையில் இருந்தால் காட்டிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அந்த மூன்று பேரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்கும்போது ரோஷம் வந்துவிடும். கடிதம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும், அதைப் பொய்யாகச் சொல்லவும் கூடாது. அதனால் இன்று தபால் நிலையத்துக்கு வந்து, அங்கேயே நின்றுகொண்டு எழுதுகிறேன். வரிசையில் எனக்குப் பின்னால் இருப்பவர் பொறுமை இழந்துகொண்டிருக்கிறார்.

உன்மேல் இரக்கப்பட்டு இதைச் செய்யவில்லை. ஒரு மாசமாக உன்னை மனசுக்குள் திட்டித் தீர்த்துவிட்டேன், இன்னும் பாக்கி இருக்கிறது. அம்மா ஜன்னலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதற்காக. அந்த வரியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

அம்மாவிடம் பிப்ரவரி நல்லபடியாக முடிந்தது என்று சொல். இனிமேல் கொஞ்சநாள் எழுத மாட்டேன்.


மே 30

வாலு,

மார்ச் மாதம் நீ வந்தாய். அம்மாவின் நெற்றியில் கை வைத்தாய், குழிக்குப் பக்கத்தில் நின்றாய், ஒரு பிடி மண் போட்டாய், மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பின்னால் வரவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நீ திருப்பி அனுப்பிய கடிதத்தை என் வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அம்மா போவதற்கு ஐந்து நாளைக்கு முன், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னாள். புத்தகத்தைத் திறந்ததும் அது போர்வைமேல் விழுந்தது. பச்சை மையைப் பார்த்துவிட்டு, "இது உன் எழுத்தாச்சே, யாருக்கு?" என்றாள். வாலுவுக்கு என்றேன். வாசி என்றாள். முழுவதும் வாசித்தேன். அப்பாவைப் பற்றி எழுதியதையும் விடவில்லை. விசிறி வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

முடித்ததும் கேட்டாள், "அத்தனை மாசம் பாறை மேல கெடந்தாளே, அவளுக்கு யாருடா தண்ணி குடுத்தது?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்த அதிகாரத்தை நடத்தியிருக்கிறேன். பழி, பரிகாரம், வம்சம் எல்லாம் கேட்டிருக்கிறோம், பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வியாகவே வைத்திருக்கிறோம். உன் துறையில் எழுத்தர் யார், எந்தக் காலம் என்று கேட்டிருப்பீர்கள். அந்தப் பொம்பளைக்குத் தாகமெடுத்திருக்குமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எழுதலம்மா என்றேன். "எனக்கு என் பொண்ணு குடுத்தா" என்றாள்.

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. அடிக்குறிப்பு, ஆட்சிக்குழு, தோட்டம், உன் விசாரணை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "எனக்குத் தண்ணி குடுத்தவளையாடா தூக்கிக் குடுத்த?" அவ்வளவுதான் கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. சாயங்காலம் நான் கஞ்சி கொடுத்தபோது, "நாளைக்கே போய் நெசத்தைச் சொல்லிடு. என்னை எங்க வேணா போடு" என்றாள். சரிம்மா என்றேன்.

மறுநாள் முதல்வர் அறை வாசல்வரை போனேன். உள்ளே ஆள் இருந்தது, திரும்பினேன். அடுத்த நாள் ஆள் இல்லை, அப்போதும் திரும்பினேன். நான்கு நாள் அப்படிப் போயிற்று. அம்மா ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள், கேட்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டாள். பெட்டியின் ஒரு பக்கத்தை முதல்வரே தூக்கினார். அவன் பக்கத்தில்தான் வைத்தோம். மழையெல்லாம் ஒன்றும் வரவில்லை. நல்ல வெயில்.

ஏப்ரலில் உன் துறைக்கு எழுதினேன். மூலக் கடிதத்தையும் வைத்து, எழுதினவன் நான், பொய் சொன்னவனும் நான் என்று. பதில் நேற்று வந்தது. விசாரணை முடிந்துவிட்டது, தாங்கள் குறிப்பிடும் நபர் இப்போது இங்கே பணியில் இல்லை, கோப்பைத் திரும்பத் திறக்க விதியில் இடமில்லை என்கிறார்கள். நீ வேலையில் இல்லை என்று ஒரு குமாஸ்தாவின் கடிதம் சொல்லித் தெரிந்துகொண்டேன். முதல்வரிடமும் சொல்லிவிட்டேன். அவர் அழுதார். ஜூன் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். புதைத்தவர்களைக் கிளப்ப முடியாது என்பதால் அம்மா இருப்பாள்.

அந்த அதிகாரத்தில் நான் யாரென்று எனக்குத் தெரியும். தாய் பாறையில் இருக்கும்போது அவளுக்குத் தண்ணீர் கொடுத்தவளையே தூக்கிக் கொடுத்த ராஜா.

அண்ணன்


ஜூன் 9

அண்ணாவுக்கு,

விலாசத்தைப் பார்த்தாயா? இது ஒரு பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுக்கிறேன். ஐம்பத்திரண்டு பிள்ளைகள். அடிக்குறிப்பு கேட்கிற ஆள் ஒருத்தரும் இல்லை, 'டீச்சர் இது பரீட்சைக்கு வருமா' என்று மட்டும் கேட்கிறார்கள். நேற்று அவர்களிடம் 'தேவன்' என்று வாய் தவறி வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

விசாரணை அன்று கடிதம் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டார்கள். என்னிடம் இல்லை என்றேன். துறைத் தலைவர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னை நம்பினார் என்று நினைக்கிறேன். நம்பிக்கைக்கு அந்த அறையில் இடமில்லை.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதற்காக எழுதவில்லை. அம்மா உன்னிடம் சொன்னது தப்பு, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடைக்குட்டியைக் கிடத்தியிருந்த அந்த இரண்டு நாளும் அப்பா முன்னறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவிடம் யாரும் போகக் கூடாது, சோர்ந்துபோய்த் தானே எழுந்துவிடுவாள் என்று சொல்லியிருந்தார். நான் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். கடைக்குட்டியைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அம்மாவுக்குத் தாகமெடுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குத்தான் தோன்றியது. நீதான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் திணித்தாய். "நீ போய்க் குடு. என்னைப் பாத்தா அப்பா திட்டுவாரு, உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாய். இருபத்து நாலு வயசு உனக்கு. நான் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அடுத்த டம்ளரை நிரப்பி வைத்துக்கொண்டு நின்றாய். இரண்டு நாளும் அப்படித்தான். அம்மா என் கையை மட்டும் பார்த்தாள்.

போன வருஷம் இதே தேதியில் நீ எழுதிய கடிதமும் அதுதான். நிரப்பினது நீ, கொண்டுபோனது நான். இந்தத் தடவை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா விடவில்லை.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. யார் தண்ணீர் கொடுத்தது என்று அம்மா உன்னிடமே கேட்டாள். என் பொண்ணு என்றாள். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். இல்லம்மா, நான்தான் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நிஜமாகவே மறந்துவிட்டாயா, அல்லது இன்னமும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாயா?

வீட்டைக் காலி பண்ணுவதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போ. இரண்டு கல்லையும் துடை. துடைத்துவிட்டு அம்மாவிடம் சொல், அன்றைக்குத் தண்ணீர் நிரப்பினது நான்தான் என்று. வாய்விட்டுச் சொல். பக்கத்தில் முதல்வர் நின்றாலும் சொல்.

வாலு